குளமாக இரு



திருப்பலி முடிந்ததும் ஒரு வண்டி மந்திரிக்க வேண்டும். ஆலய வாசலில் சாமந்தி மாலையோடு நிற்கிறதே, அதுதான். நான் மறந்துவிடுவேனோ என்ற பயத்தில், அந்தத் தம்பி காலையிலேயே வந்து சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். இப்போது என் அங்கிப் பைக்குள் இருக்கிறது. ஆகவே இன்றைய மறையுரையை நான் நீட்டினால் அவருக்குத்தான் அதிக வருத்தம்.

இந்த ஒரு மாதத்தில் நான் மந்திரித்தவற்றை எண்ணிப் பார்த்தேன். வால்மீகி நகரில் ஒரு புது வீடு. பிளஸ் டூ பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டுகள், ஒரு கட்டு. கனடா விசாவுக்குக் காத்திருக்கும் ஒரு பாஸ்போர்ட். ஜெபமாலைகளுக்குக் கணக்கில்லை. ஸ்கேன் ரிப்போர்ட் உறையைப் பிரிக்காமலேயே பீடத்தில் வைத்து எடுத்துக் கொண்டுபோன ஓர் அம்மா. "நெத்தியில ஒரு சிலுவை போடுங்க ஃபாதர்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாத்தாக்கள். இதையெல்லாம் நான் மகிழ்ச்சியோடுதான் செய்கிறேன். ஆசி கேட்பது தவறே இல்லை. கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் இன்றைக்கு நாம் கேட்ட முதல் வாசகத்தில், ஆபிராம் எதையும் கேட்கவில்லை. கவனித்தீர்களா? அவர் வாயே திறக்கவில்லை. ஆண்டவர்தான் பேசுகிறார். நாட்டை விடு, இனத்தை விடு, தந்தை வீட்டை விடு என்கிறார். ஆசி தருவேன் என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் நமக்கெல்லாம் வசதியாக இருந்திருக்கும். அதன்பின் இன்னொன்றையும் சேர்க்கிறார். நம் மொழிபெயர்ப்புகளில் அது பெரும்பாலும் ஒரு வாக்குறுதிபோல ஒலிக்கிறது. எபிரேய மூலத்தில் அந்த வினைச்சொல் ஏவல் வடிவில் இருக்கிறது: ஆசியாக இரு. நில், வா, போ என்பதுபோல ஒரு கட்டளை.

ஆசி பெறுவது என்றால் நமக்குப் புரிகிறது. ஆசியாக இருப்பது எப்படி? ஒரு மனிதன் எப்படி ஆசியாக இருக்க முடியும்?

இந்தக் கேள்வியை இன்று யூதர்களிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். இது முதலில் அவர்களுடைய நூல். நமக்குக் கிடைத்தது அவர்கள் கைவழியாக. 1986 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமை யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போனபோது அவர்களை நம் மூத்த சகோதரர்கள் என்று அழைத்தார். மூத்தவர் வீட்டில் இருக்கும்போது, அவர் படித்த பாடத்தை அவரிடம் கேட்காமல் நாமே ஊகித்துக்கொண்டிருப்பது சரியில்லை.

எபிரேயத்தில் ஆசிக்கு 'பெராக்கா' என்று பெயர். முழங்காலுக்கு 'பெரெக்' என்பார்கள். நீர் தேங்கும் குளத்துக்கு 'பெரேக்கா'. உயிர்க்குறிகள் இல்லாமல் எழுதினால், ஆசியும் குளமும் ஒரே நான்கு எழுத்துகள்தாம். வாசிக்கிறவர் நாவில்தான் வித்தியாசம். பழைய ரபிமார்கள் இப்படிப்பட்ட இடங்களை விடவே மாட்டார்கள். தொடக்கநூலுக்கு அவர்கள் எழுதிய பழம்பெரும் விளக்கமான 'பெரேஷித் ரப்பா', இன்று நாம் கேட்ட அதே வசனத்தில் வந்து நின்று, இதைக் குளம் என்று படித்துப் பார் என்கிறது. குளம் தன்னிடம் வருகிறவரைத் தூய்மையாக்குவதுபோல, தூரத்தில் இருப்பவர்களை நீ அருகில் கொண்டுவர வேண்டும் என்று ஆண்டவர் ஆபிராமிடம் சொன்னதாக அவர்கள் பொருள் சொல்கிறார்கள்.

ஆபிராமே, குளமாக இரு.

திருவான்மியூரில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. மருந்தீசர் கோயில் குளத்தைத் தாண்டாமல் உங்களில் எத்தனை பேர் இன்று இங்கே வந்தீர்கள்? பங்குச் சாமியார் கோயில் குளத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று பார்க்காதீர்கள். தண்ணீர் யாரிடமும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை.

2019 கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. மெட்ரோ வாட்டர் லாரி எந்தத் தெருமுனையில் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதே அந்த நாட்களின் பெரிய செய்தி. அப்போது நம் பகுதிப் பெரியவர்கள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவில்லை: "குளத்துல தண்ணி நின்னா எங்க கிணறு ஊறும் ஃபாதர்." நாம் கடற்கரை மணல்மேல் குடியிருக்கிறோம். மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக நிற்கிறது, பக்கத்திலேயே கடல். மேலிருந்து நல்ல நீர் இறங்கிக்கொண்டே இருந்தால் உப்பு நீர் எட்டி நிற்கும். நாம் மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்து, மேலிருந்து ஒன்றும் இறங்காவிட்டால், கடல் உள்ளே வந்துவிடும். காலையில் வாய் கொப்பளிக்கும்போது நாக்குக்குத் தெரியும்.

குளம் செய்யும் வேலை இவ்வளவுதான். மழை வரும்போது வாங்கிக்கொள்கிறது. பிறகு சத்தமில்லாமல் கீழே விட்டுவிடுகிறது. எந்தக் கிணற்றுக்கு எத்தனை குடம் போனது என்று குளத்துக்கே தெரியாது. நம் கிணற்றில் ஊறிய தண்ணீருக்கு நாம் குளத்துக்கு நன்றி சொன்னதாகவும் நினைவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சில ஊர்களில் குளத்தைச் சீர்படுத்துகிறோம் என்று அடித்தரை முழுக்க சிமென்ட் போட்டுவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். தண்ணீரும் பளிச்சென்று நிற்கும். ஆனால் ஒரு சொட்டும் கீழே இறங்காது. அதற்குப் பெயர் குளம் இல்லை, தொட்டி. ஆசி பெற்ற மனிதர்களிலும் இந்த இரண்டு வகை உண்டு.

யூதர்களின் சடங்குக் குளம் ஒன்று உண்டு, 'மிக்வே' என்பார்கள். அதன் சட்டங்களைப் படிக்கும்போது ஓர் இடத்தில் நான் அசந்துபோனேன். அந்தக் குளத்துக்கு அடிப்படையாக இருக்க வேண்டியது மழைநீரோ ஊற்றுநீரோதான். மனிதன் பாத்திரத்தில் மொண்டு ஊற்றிய தண்ணீர் ஆகாது. நகரத்தில் இது எப்படிச் சாத்தியம்? அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு தொட்டியில் மழைநீரைச் சேர்ப்பார்கள். பக்கத்துத் தொட்டியில் சாதாரணக் குழாய்த் தண்ணீர். நடுச்சுவரில் ஒரு சின்னத் துளை. அந்தத் துளை வழியாக இரண்டு நீரும் ஒன்றையொன்று தொட்டால் போதும், குழாய்த் தண்ணீரும் தூய நீராகக் கணக்கில் வரும். அந்தத் தொடுதலை அவர்கள் முத்தம் என்கிற பொருளில் அழைக்கிறார்கள்.

ஒரு சின்னத் துளை. அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

நம் சென்னையிலேயே யூதர்கள் வாழ்ந்தார்கள் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பாரிமுனைப் பக்கம் பவளக்காரத் தெரு இருக்கிறது அல்லவா? 17-ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக்கடல் பவளத்தை இங்கே கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை இங்கிருந்து கொண்டுபோன போர்ச்சுகீசிய வழி யூத வணிகர்களின் தொழில் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் பன்னிரண்டு மன்ற உறுப்பினர்களில் மூன்று பேர் யூதர்கள். லாயிட்ஸ் ரோட்டில், அதாவது அவ்வை சண்முகம் சாலையில், அவர்களுடைய சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் இருந்த பழைய கல்லறைக் கற்களை இடம்பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார்கள். எபிரேய எழுத்து வெட்டிய கற்கள், மெரினாக் காற்றில். யூதர்கள் கல்லறையில் பூ வைப்பதைவிடக் கூழாங்கல் வைப்பதுதான் வழக்கம். அங்கே கல் வைக்கவும் இன்று உறவென்று அதிகம் பேர் இல்லை.

அவர்கள் ஏன் அத்தனை தூரம் அலைந்தார்கள் என்று கேட்டால், இந்தப் பீடத்தில் நிற்கிற எனக்குத் தலை குனிகிறது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அவர்களை 'மதம் மாறு அல்லது வெளியேறு' என்று துரத்தின. கோவாவில் 1560-இல் விசாரணை மன்றம் வந்தது. கொச்சியில் மட்டாஞ்சேரி யூதத் தொழுகைக்கூடத்தை 1662-இல் போர்ச்சுகீசியர்கள் தீயிட்டார்கள். செய்தவர்கள் கழுத்தில் சிலுவை தொங்கியது. குளத்துக்குச் சிமென்ட் போட்டவர்கள் நாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் யூதர்கள் மீதான வெறுப்பைக் கண்டித்து எழுத அத்தனை காலம் ஆயிற்று.

அதே கொச்சியில், அந்தத் தொழுகைக்கூடத்தைத் தன் அரண்மனைச் சுவரை ஒட்டி 1568-இல் கட்டிக்கொள்ள இடம் கொடுத்தவர் ஓர் இந்து அரசர். வேதபுத்தகம் கையில் இருந்தவர்கள் எரித்தார்கள். அது இல்லாதவர் இடம் கொடுத்தார். இதைச் சொல்லிவிட்டு நான் வேகமாகக் கடந்து போகப் போவதில்லை. ஒரு நிமிடம் அமைதியாக இருப்போம்.

சரி. நாடு கடத்தப்பட்டவன் எப்படி ஆசியாக இருப்பது? அதற்கும் அவர்களிடம் பாடம் உண்டு. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு இறைவாக்கினர் எரேமியா ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் எதிர்பார்த்தது, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற ஆறுதலை. அவர் எழுதியது வேறு. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்த நகரத்தின் நலனுக்காக மன்றாடுங்கள். உங்கள் நலனும் அதற்குள்தான் இருக்கிறது என்கிறார்.

நம் பங்கில் தூத்துக்குடிக்காரர்கள் இருக்கிறீர்கள், நாகர்கோவில், பாளையங்கோட்டை, மணப்பாடு. பிள்ளைகளுக்கு டைடல் பார்க் பக்கம் வேலை கிடைத்தது, பெற்றோர் பின்னாலேயே வந்தீர்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எழுபது, எழுபத்தைந்து வயதில் ஊரை விட்டு வந்து மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறவர்களே, உங்களுக்காக ஒரு தகவல்: ஆபிராம் கிளம்பியபோது வயது 75. தொடக்கநூல் எண்ணோடு எழுதி வைத்திருக்கிறது. "இனி என்னால யாருக்கு என்ன ஆகப்போகுது ஃபாதர்" என்று ஒப்புரவுத் தொட்டியில் நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த எண்தான் ஞாபகம் வரும். பாதி நெஞ்சு ஊரில்தான் இருக்கிறது, புரிகிறது. ஆனால் பத்து வருடம் இங்கே இருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருந்தால், எரேமியாவின் கடிதம் இன்னும் நமக்கு வந்து சேரவில்லை.

ஆசியாக இருந்த ஒரு யூதரைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கொள்ளுப் பாட்டன்மார் உயிர்பிழைத்ததில் அவருக்குப் பங்கு இருக்கலாம்.

வால்டெமர் ஹாஃப்கின். 1860-இல் உருசியப் பேரரசின் ஒடெசா நகரில் பிறந்தவர். நல்ல விஞ்ஞானி, ஆனால் யூதர் என்பதால் பல்கலைக்கழகப் பதவி கிடைக்கவில்லை. உருசிய மரபுத் திருச்சபைக்கு மாறினால் கிடைத்திருக்கும். மாறவில்லை. பாரிசுக்குப் போய் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே முதலில் கிடைத்தது நூலக உதவியாளர் வேலை. ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்து காலராவுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்து, 1892 ஜூலையில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். 1893-இல் கொல்கத்தா வந்தார். குடிசைப் பகுதிகளில் மக்கள் பயந்தார்கள், கல்லெறிந்தார்கள். அவர் கூட்டத்தின் நடுவே நின்று சட்டையைக் கழற்றி, முதலில் தனக்கே ஊசி போடச் சொன்னார். 1896-இல் மும்பையில் பிளேக் வந்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறையும் ஒரு தாழ்வாரமும். மூன்றே மாதத்தில் பிளேக் தடுப்பூசி தயாரானது. 1897 ஜனவரி 10 அன்று மறுபடி முதல் ஊசி அவர் உடம்பில்தான். காய்ச்சல் வந்தது, வலித்தது, பிழைத்தார். அதன்பின்தான் மற்றவர்களுக்கு.

இங்கே ஒரு நிமிடம். ஆசி கொடுக்கிறவன் தான் பாதுகாப்பாக மேலே நின்றுகொண்டு கீழே கை நீட்டுகிறான் என்றுதான் நாம் கற்பனை செய்கிறோம். என்னைப்போல, பீடத்தில். ஹாஃப்கின் ஆபத்தை முதலில் தன் தோலுக்குள் வாங்கிக்கொண்டார்.

கதை அங்கே இனிமையாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1902-இல் பஞ்சாபில் முல்கோவால் என்ற ஊரில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் வாய்ப்பூட்டு நோயால், அதாவது டெட்டனஸால், இறந்தார்கள். பழி அவர்மேல் விழுந்தது. பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஐந்து ஆண்டுகள் அந்தப் பெயரோடு வாழ்ந்தார். தவறு அந்த ஊரில் புட்டியைத் திறந்த இடத்தில் நடந்திருக்கிறது, அவருடைய ஆய்வகத்தில் இல்லை என்று பெரிய விஞ்ஞானிகள் எடுத்துச் சொல்லி, 1907-இல்தான் பழி நீங்கியது. அவர் என்ன செய்தார்? திரும்பவும் இதே இந்தியாவுக்கு வந்தார். கொல்கத்தாவில் வேலை செய்தார். மும்பை ஆய்வகத்துக்கு 1925-இல் அவர் பெயரை வைத்தார்கள். சேர்த்த பணத்தை ஐரோப்பாவின் ஏழை யூத வேதபாடசாலைகளுக்கு எழுதிவைத்துவிட்டு, 1930-இல் சுவிட்சர்லாந்தில் இறந்தார். திருமணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. அவருடைய ஊசி போட்டுக்கொண்டு பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. எந்தக் கிணற்றுக்கு எத்தனை குடம்?

மருந்தீசர் இருக்கும் ஊரில் மருந்து கொண்டுவந்த ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருத்தம்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தச் சின்னத் துளை. மட்டாஞ்சேரியில் யூதத் தெருவுக்குப் போனவர்கள் 'சாரா எம்ப்ராய்டரி' கடையைப் பார்த்திருக்கலாம். சாரா கோஹன் என்ற மூதாட்டியின் கடை. யூதர்கள் தலையில் வைக்கும் குல்லா, ஓய்வுநாள் அப்பத்தை மூடும் துணி, இவற்றில் பூத்தையல் போட்டு விற்பார். 1948-க்குப் பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இவரும் கணவர் ஜேக்கப் கோஹனும் போகவில்லை. அந்தத் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு அஞ்சலட்டை விற்க ஒரு முஸ்லிம் பையன் வருவான், தாஹா இப்ராஹிம். சரக்கை வைக்க இடம் இல்லாமல் அவன் நின்றபோது, ஜேக்கப் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். சாராவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. எனக்கு இந்த விவரம்தான் மிகவும் பிடித்தது. எடுத்த எடுப்பிலேயே எல்லாரையும் அணைத்துக்கொள்கிறவர்கள் கதைகளில்தான் இருக்கிறார்கள். சாராவுக்குச் சந்தேகம் இருந்தது, பையனோடு அதிகம் பேசமாட்டார். ஆனால் கதவு திறந்திருந்தது.

வருடங்கள் ஓடின. ஜேக்கப் 1999-இல் இறப்பதற்கு முன், தனக்குப் பின் சாராவைப் பார்த்துக்கொள்ளும்படி தாஹாவிடம் கேட்டுக்கொண்டார். தாஹா பார்த்துக்கொண்டார். அவரும் அவர் மனைவியுமாகச் சாராவுக்குப் பிள்ளைகளாக இருந்தார்கள். ஓய்வுநாளில் யூதர் செய்யக்கூடாததைத் தெரிந்துவைத்துக்கொண்டு அவருக்கு உதவினார்கள். சாரா 2019 ஆகஸ்ட் 30 அன்று 96 வயதில் இறந்தார். அந்தக் கடையை இன்றும் தாஹா குடும்பம்தான் நடத்துகிறது.

யார் யாருக்கு ஆசி? ஒரு மூலையில் அஞ்சலட்டைக் கட்டு வைக்க இடம் கொடுத்தது ஜேக்கப். அந்த இடம் இருபது வருடம் கழித்துத் தன் மனைவிக்கு ஒரு மகனாக வரும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க முடியாது. சுவரில் ஒரு துளை விட்டார். அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கத்துத் தண்ணீரைத் தொட்டது. கொல்கத்தாவிலும் இப்படித்தான்: 1881-இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிக்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள், அங்கே யூதத் தொழுகைக்கூடங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிப் பெருக்கிக் காப்பவர்களும் முஸ்லிம்கள்.

காலைச் செய்தித்தாளைப் படித்துவிட்டு வந்தவர்கள் மனத்தில் காஸா ஓடும் என்று எனக்குத் தெரியும். ஓடட்டும், ஓட வேண்டும். ஒரு மக்களின் மறை வேறு, ஓர் அரசின் போர் வேறு. அந்த அரசையும் நம் அரசையும் எந்த அரசையும் அளக்க அளவுகோல் வேண்டுமென்றால் அதுவும், பின்னர் ஆபிரகாம் என்று பெயர் பெற்ற அதே ஆபிராமிடமே இருக்கிறது. அழியப்போகிற சோதோம் அவருடைய ஊர் இல்லை. அவர் உறவுக்காரர் லோத்து மட்டும் தப்பினால் போதும் என்று அவர் கேட்டிருக்கலாம். ஐம்பது நல்லவர்கள் இருந்தால், நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று முழு ஊருக்காகவும் ஆண்டவரிடம் பேரம் பேசினார், கொத்தவால்சாவடிக்காரரைப்போல. கூச்சமே இல்லாமல்.

குளம் நிறைய வேண்டுமானால் வரத்துக்கால் அடைபடாமல் இருக்க வேண்டும். அதற்கு யூதர்களின் வழி எளியது, ஆனால் கடினம். ஒரு நாளைக்கு நூறு முறை கடவுளை வாழ்த்த வேண்டும் என்பது ரபி மேயிர் பெயரால் தால்முதில் சொல்லப்பட்ட பாடம். அப்பம் தின்றால் ஒரு வாழ்த்து, பழம் தின்றால் ஒன்று, இடி கேட்டால் ஒன்று, வானவில்லுக்கு ஒன்று. கழிப்பறையிலிருந்து வெளியே வந்து கை கழுவியதும் சொல்ல ஒரு வாழ்த்து உண்டு. சிரிக்காதீர்கள். உடம்பின் துளைகளும் குழாய்களும் அடைபடாமல் திறந்திருப்பதற்காகச் சொல்லும் நன்றி அது. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிற ஒருவரிடம் கேளுங்கள், அந்தச் செபத்தின் அருமையைச் சொல்வார். சற்று நேரத்தில் அப்பத்தையும் இரசத்தையும் உயர்த்தி நான் சொல்லப்போகிற வார்த்தைகளும் அந்த யூத வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தவைதாம்.

கொடுப்பதற்கு அவர்களிடம் உள்ள சொல் 'செதாக்கா'. நாம் அதை 'தர்மம்' என்று மொழிபெயர்த்துவிடுகிறோம். வேர்ச்சொல்லின் பொருள் நீதி. ஏழைக்குக் கொடுப்பது என் பெருந்தன்மை இல்லை, அவருக்குச் சேர வேண்டியது என்னிடம் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வயல் அறுக்கும்போது ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும் என்று லேவியர் நூல் சட்டம் போடுகிறது. உழைத்து எடுத்துக்கொள்ளட்டும், கையேந்த வேண்டாம் என்று. மோவாபிலிருந்து வந்த விதவை ரூத்து அப்படிப் பொறுக்கத்தான் வயலுக்குப் போனார். அவருடைய வழிமரபில் தாவீது, அந்த வழியில் நம் ஆண்டவர். எருசலேம் கோயிலில் 'மறைவானவர்களின் அறை' என்று ஒன்று இருந்ததாக மிஷ்னா சொல்கிறது. கொடுப்பவர் தனியாக உள்ளே போய் வைத்துவிட்டு வருவார். தேவைப்பட்டவர், நேற்றுவரை வாழ்ந்து கெட்டவர், தனியாகப் போய் எடுத்துக்கொள்வார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள்.

நம் ஆலயப் பெஞ்சுகளிலும் மின்விசிறிகளிலும் உபயதாரர் பெயர்கள் இருக்கின்றன. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்த விசிறிக் காற்றில் நின்றுதான் பேசுகிறேன்.

12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மோசஸ் மைமோனிடிஸ் கொடுப்பதை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது மேலே இரண்டாவது. எல்லாவற்றுக்கும் உச்சியில் அவர் வைத்தது, விழப்போகிறவரைத் தொழிலில் கூட்டாகச் சேர்த்தோ, கடன் கொடுத்தோ, வேலை தேடித் தந்தோ, அவர் இனி யாரிடமும் கேட்க வேண்டாத நிலைக்குக் கொண்டுவருவது. நம் வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் இந்த ஆண்டு அரிசிப் பையோடு நிற்காமல் இதைப் பற்றியும் யோசிக்கலாம். அந்தப் பெரிய அறிஞருக்கு டேவிட் என்று ஒரு தம்பி. வியாபாரத்துக்காக இந்தியக் கடலில் பயணம் வந்தபோது மூழ்கிப்போனார், குடும்பச் சொத்தோடு. மைமோனிடிஸ் ஓர் ஆண்டு படுக்கையில் கிடந்தார். அதன்பின் எழுந்து வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். கூட்டாகச் சேர்த்துக்கொள், கடன் கொடு, வேலை தேடிக் கொடு என்று எழுதியவர், தாங்கிப் பிடித்த ஒரு தோளை இழந்தவர்.

இனி நற்செய்தி. அதை நான் மறந்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள்.

மலைமேல் ஆண்டவர் முகம் கதிரவனைப்போல ஒளிர்கிறது. மோசேயும் எலியாவும் நிற்கிறார்கள். பேதுருவுக்கு அந்த இடம் பிடித்துப்போகிறது. மூன்று கூடாரம் போடட்டுமா என்கிறார். ஆபிரகாமின் கூடாரத்தைப் பற்றி யூதர்களிடையே ஒரு பழைய மரபு உண்டு: வழிப்போக்கன் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வாசலைத் தேடிச் சுற்ற வேண்டாம் என்று நான்கு பக்கமும் திறந்து வைத்திருந்தாராம். பேதுரு போட நினைத்த கூடாரங்களுக்கு எத்தனை வாசல்? இயேசுவுக்கு ஒன்று, மோசேக்கு ஒன்று, எலியாவுக்கு ஒன்று. வருகிறவனுக்கு ஒன்றுமில்லை. பாவம், அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல தண்ணீரைக் கண்டதும் சிமென்ட் மூட்டையைத் தேடுகிற பழக்கம்.

யாக்கோபு ஆட்டுத்தோலைக் கையில் சுற்றிக்கொண்டு, கண் தெரியாத தந்தையிடம் அண்ணனின் ஆசியைத் தட்டிப் பறித்தாரே, அதுவும் ஆசி தனக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான். ஏமாந்த ஏசா ஓவென்று அழுது, அப்பா, உம்மிடம் ஒரே ஓர் ஆசிதான் இருக்கிறதா என்று கேட்கிறார். விவிலியம் முழுவதிலும் இதைப்போல என்னை உலுக்கும் கேள்வி குறைவு. பட்டா, பாகப்பிரிவினை, அம்மாவின் நகை என்று அண்ணனும் தம்பியும் பேசாமல் ஒரே பலிக்கு வந்து வேறு வேறு வரிசையில் உட்காருகிற வீடுகள் நம்மிடம் உண்டு. சமாதானம் சொல்லும் நேரம் வரும்போது, இன்று அந்த இன்னொரு வரிசையைத் திரும்பிப் பாருங்கள்.

ஆண்டவர் கூடாரம் போட விடவில்லை. கீழே இறங்கச் சொன்னார். இறங்கியதும் அவர்கள் கண்டது, நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்து விழுந்து எழுகிற தன் மகனைக் கூட்டிக்கொண்டு முழங்காலில் நின்ற ஒரு தகப்பன். பெரெக், முழங்கால். இன்றைய வாசகம் அதுவரை போகவில்லை. வீட்டில் மத்தேயு 17-ஐ எடுத்து இன்னும் ஐந்து வசனம் தள்ளிப் படியுங்கள்.

சரி, சாவி என் பையில் கனக்கிறது. தம்பி, பலி முடிந்ததும் வெளியே வருகிறேன். தீர்த்தம் தெளிப்பேன், செபம் சொல்வேன், நெற்றியில் சிலுவையும் போடுவேன். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன், இப்போதே யோசித்து வையுங்கள்: பின் இருக்கையில் யாரை ஏற்றிக்கொண்டு போகப் போகிறீர்கள்?

எழுந்து நிற்போம்.